ஊரே பாஸான பரிசோதனை

பஸ்மினாவுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டாள், பாத்திரம் கழுவுவாள். கழுவி வைத்ததையே எடுத்து மறுபடியும் கழுவுவாள். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்து படித்த காலத்தில் எங்கள் குசினிச் சட்டிகள் பளபளவென்று இருந்ததற்கு எங்கள் சுத்தம் காரணமல்ல, எங்கள் பேராசிரியர்தான் காரணம். புதன்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கும். ஒருவர் தான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும், மற்ற எல்லோரும் அதில் பிழை பிடிக்க வேண்டும். அதற்குப் பெயர் கல்வி. பஸ்மினாவின் முறை வருகிற புதன்களில் நான் இரவுச் சாப்பாட்டைக் கடையில் வாங்கிக்கொண்டு போவேன், ஏனென்றால் அன்றைக்குச் சட்டி எதுவும் அடுப்புக்கு வராது.

என் பெயர் பிரேமினி. ஊர் உயிலங்குளம், வயல்காரக் குடும்பம். அவள் முசலிப் பக்கம், சிலாவத்துறைக்கும் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். இரண்டு பேரும் மன்னார் மாவட்டம் என்பதால் கொழும்பில் எங்களை ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல நடத்தினார்கள். "உங்கட ஊர் றோட்டெல்லாம் கழுதையாமே?" என்று யாராவது கேட்டால் இருவரும் ஒன்றாக முறைப்போம். மற்றப்படி எங்களுக்குள் ஒற்றுமை குறைவு. நான் வாயாடி, அவள் ஊமைக்கோட்டான். நான் தூங்குமூஞ்சி, அவள் நோன்பு மாதத்தில் விடியமுன் எழும்பிச் சோறு ஆக்குவாள். அந்த வாசம் என்னையும் எழுப்பிவிடும். அவளோடு சஹர் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்து, காலையில் கன்ரீனில் ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவேன். "நீ எந்த மார்க்கமடி?" என்று ஒருநாள் கேட்டாள். இரண்டு மார்க்கத்திலும் சாப்பாட்டு நேரம் மட்டும் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னேன்.

நாங்கள் படித்தது மூளை நரம்பியல், பட்டப்பின் படிப்பு. நான் எலிகளின் ஞாபகசக்தியைப் பற்றி ஆராய்ந்தேன். எலி நல்ல பிராணி. சொன்னதைச் செய்யும், செய்யாவிட்டால் கடிக்கும், மனதில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசாது. பஸ்மினா மனிதர்களை எடுத்தாள். வேண்டாமென்று நான் அப்போதே சொன்னேன். ஆனால் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை, ஏனென்றால் அவள் இந்தப் படிப்புக்கு வந்ததே ஒரு மனிதருக்காக.

அவர் நௌஷாட், அவளுடைய அண்ணன். அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டி வந்தபோது அவர்களுடைய குடும்பம் புத்தளம் போனது. பஸ்மினா பிறந்ததும் அங்கேதான். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்து காட்டை வெட்டி வீடு கட்டிய கையோடு வாப்பா மௌத்தாகிவிட்டார். அதன் பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் நௌஷாட் நானா. கடலட்டை பிடிக்கச் சுழியோடப் போனார். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கி, கடலின் அடியில் கிடக்கும் அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே வருகிற வேலை. தங்கச்சி படிக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றவரும் அவர்தான்.

பஸ்மினா பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வருடம் ஒருநாள் அவர் ஓய்வில்லாமல் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, கடைசித் தடவை அவசரமாக மேலே வந்தார். படகில் ஏறியதும் கால் விறைக்கிறது என்றார். கரைக்கு வருமுன் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. ஆழத்தில் இருக்கும்போது உடம்பு உள்ளே இழுத்துக்கொள்கிற காற்று மெதுவாகத்தான் வெளியேற வேண்டும். அவசரப்பட்டு மேலே வந்தால், குலுக்கிய சோடாப் போத்தலைத் திறந்தது போல இரத்தத்துக்குள் நுரைத்துவிடும். அந்தக் குமிழிகள் முள்ளந்தண்டுக்குள் இருக்கிற நரம்பில் போய் அடைத்திருந்தன. நானா அன்றிலிருந்து சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார், அவர்களுடைய உம்மாதான் தூக்கி இருத்திப் பார்க்கிறார்.

ஊர் அதை விதி என்றது. பஸ்மினாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள், பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில் ஒரு விஷயத்தைப் படிக்கும் வரைக்கும். இப்படியான ஆட்களில் சிலருக்கு, பெரிய அடி விழுவதற்கு முன்பே நரம்பில் சின்னச் சின்னக் காயங்கள் பட்டிருக்கும். கண் திறந்திருக்கும்போது தெரியாது. இருட்டில் நடக்கும்போது, கண்ணை மூடும்போது தள்ளாடும். நானாவும் விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன் மின்சாரம் போன நேரங்களில் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அவள் உட்பட. இதை எனக்குச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் அவள் அழுது பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஆகவே அவளுடைய ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: நானாவுக்கு அடுத்ததாக விழப்போகிறவன் அந்தக் கரையில் எங்கேயோ நடந்து திரிகிறான். அவன் விழமுன் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு அவளிடம் ஒரு பலகை இருந்தது. பாதத்துக்குக் கீழே வைக்கிற பலகை. அதில் ஏறி ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தை ஒட்டி வைத்து, கைகளை நெஞ்சில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க வேண்டும். உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பலகை கணினிக்குச் சொல்லும். இதை மடியில் வைத்துக்கொண்டு மன்னார் பஸ்ஸில் போனோம். நிறை பார்க்கிற மெசின் என்று நினைத்து மதவாச்சியில் ஏறிய ஒரு அம்மா தன்னை நிறுத்துத் தரும்படி கேட்டார். பஸ்மினா பொறுமையாக விளங்கப்படுத்தினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி பிள்ளை, அதுக்குப் பிறகு என்ர நிறையையும் சொல்லுங்கோ" என்றார் அந்த அம்மா.

என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனாள் என்றால், எங்கள் படிப்பில் ஒரு சட்டம் உண்டு. படிக்கிற ஒவ்வொருவரும் வருடத்தில் கொஞ்ச நாளாவது மக்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மற்றவர்கள் கொழும்பில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் மூளையைக் கொண்டுபோய்க் காட்டிப் படமெடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்ய இருந்தேன். பஸ்மினா விடவில்லை. பஸ் உயிலங்குளத்தைத் தாண்டும்போது, வீட்டுக்குப் போகாமல் முசலிக்குப் போகிறேனே, அம்மா அறிந்தால் என்ன சொல்வா என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

மீனவர் சங்கக் கட்டடத்தில் பலகையை வைத்தோம். நௌஷாட் நானா வாசலில் நாற்காலியைப் போட்டு இருந்துகொண்டு ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். நல்ல அகலமான தோள், சிரித்த முகம், ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அன்றைக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பலகை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கான வெள்ளோட்டம் அது, கணக்கில் சேராது. வந்தவர்கள் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்கத்தோடு ஏறினார்கள். சிலர் நின்றார்கள், சிலர் அப்படியும் இப்படியும் ஆடிக் கால் வைத்தார்கள். படகோட்டி அபூசாலி பொத்தென்று என் மேல் சாய்ந்துவிட்டு "அஸ்தஃபிருல்லாஹ்" என்று படைத்தவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே ஓடினார். மிச்சப் பேரைப் பெருநாள் முடிய வந்து அளப்பதென்று முடிவாயிற்று.

அன்று மாலை தேத்தண்ணி குடிக்கும்போது நானா கேட்டார். "புள்ள, அவங்கள் நிக்காம விழுந்தா என்ன?"

பஸ்மினா கணினியில் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். "விழாம நிண்டா நல்லந்தானே நானா" என்றாள்.

எனக்கு இன்றைக்கும் அந்தப் பதில் காதில் கேட்கிறது. எவ்வளவு சாதாரணமான பதில். நானா "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டார்.

பெருநாள் கழித்துப் போனபோது ஊரே திரண்டு வந்திருந்தது. கடலுக்குப் போன ஓரிருவரைத் தவிர எல்லாச் சுழியோடிகளும் வந்திருந்தார்கள். ஏறினார்கள், கண்ணை மூடினார்கள், நட்டு வைத்த கம்பம் போல நின்றார்கள். அபூசாலி கூட நின்றார். கடைசி ஆள் இறங்கியதும் வாசலில் இருந்த நானா கை தட்டினார். நான் அதை ஒரு நல்ல மனிதரின் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

கொழும்பில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சுழியோடவே தெரியாத கொழும்பு ஆட்களைவிட முசலிச் சுழியோடிகள் பல மடங்கு உறுதியாக நின்றிருந்தார்கள். பேராசிரியருக்குக் கண் விரிந்தது. அவர் சிங்களவர், எங்களுக்காகத் தமிழ் பேசப் பழகியவர். "உங்கட ஊர் ஆக்கள் எல்லாம் சர்க்கஸ்காரரா, பஸ்மினா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு யோசித்தார். கடலில் வேலை செய்கிறவர்களின் மூளை ஆட்டத்துக்குப் பழகிக்கொள்கிறது போலும், இது புதிய விஷயம், சிங்கப்பூர் மாநாட்டுக்கு அனுப்புவோம் என்றார். அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். பஸ்மினா கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கப் போனாள்.

எனக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. "எடியே, என்ர எலிக் கூட்டத்திலயே ரெண்டு மொக்கு மண்டை இருக்கும். உன்ர ஊரில ஒராள் கூடவா ஆடேல்ல?" என்று கேட்டேன்.

"என்ட ஆக்கள் நல்லா இருந்தா உனக்கென்னடி வயித்தெரிச்சல்?" என்றாள். ஆனால் அன்றிரவு அவள் கழுவிய சட்டியையே கழுவிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு தனக்குத் தானே சொல்வது போல, "எல்லாரும் நல்லா இருந்தா நானா மட்டும் ஏன் விழுந்தார்?" என்றாள்.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் முறை அளக்கப் போனோம். முதல்முறை கிடைத்த முடிவை ஊருக்குச் சொல்லி நன்றி சொல்வதும் எங்கள் கடமை. பஸ்மினா மஸ்கட் இனிப்பு ஒரு பெரிய பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் நானா இல்லை, கடற்கரைக்குப் போயிருந்தார். அடுத்த வீட்டு ஸஜானா எங்களைக் கண்டதும் இடியப்பமும் சொதியும் கொண்டு ஓடி வந்தாள். அவளுடைய கணவர் பாஹிம் முன்பு நௌஷாட் நானாவோடு ஒரே படகில் போனவர், இப்போதும் அட்டைக்குத்தான் போகிறார். ஸஜானா தன் புருஷனைக் குறை சொல்லத் தொடங்கினால் அது பாசம் என்று அர்த்தம். அன்றைக்கும் தொடங்கினாள்.

"இவருக்கு இப்பவே கிழடு தட்டிட்டு, பஸ்மினா. முகம் கழுவுறதெண்டாக் குழாயப் புடிச்சிட்டுத்தான் கழுவுறார். தொழுகைக்கு ஒளூச் செய்யக்குள்ளயும் அப்பிடித்தான். கண்ண மூடித் தண்ணி அடிச்சா முன்னுக்குச் சாயிறார். நான் சொன்னன், உங்களுக்கு ஒரு ஊண்டுகோல் வாங்கித் தாறன் எண்டு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பஸ்மினா கையிலிருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்தாள். கண்ணை மூடி முகம் கழுவும்போது விழப் பார்ப்பது எங்கள் புத்தகங்களில் முதல் பக்கத்தில் இருக்கிற அறிகுறி.

"பாஹிம் மச்சான் என்ட பலகையில ஏறினவரா?" என்று கேட்டாள்.

"இல்லையே. அண்டைக்கு நௌஷாட் நானாதான் இவரக் கடலுக்குப் போகச் சொன்னவர். இவர் வந்தா உன்ட படிப்புப் பழுதாகிடுமாம். பாவம், பயிற்சிக்கு மட்டும் ஒரு நாளும் தவறாமப் போறார். இப்பவும் அங்கதான்."

"என்ன பயிற்சி?"

ஸஜானா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்ற பயம் முகத்தில் வந்துவிட்டது. பஸ்மினா செருப்பைக் கூடப் போடாமல் கடற்கரைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

அஸர் தொழுகைக்குப் பிந்திய மாலை வெயில். சங்கக் கட்டடத்தின் சீமெந்துத் தரையில் ஊர்ச் சுழியோடிகள் வரிசையாக நின்றார்கள். பாதத்துக்கு முன்னால் பாதம், நெஞ்சில் கட்டிய கை, மூடிய கண். காற்று சாறங்களை அடித்துக்கொண்டிருந்தது, ஒருவரும் அசையவில்லை. அவர்களுக்கு முன்னால் நாற்காலியில் இருந்துகொண்டு நௌஷாட் நானா சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். "மூச்ச மெதுவா விடு அபூசாலி, முழங்கால இறுக்காத, ஆ, அப்பிடித்தான்." வரிசையின் ஓரத்தில் தனியே ஒருவர் கண்ணை மூடுவதும், சாய்வதும், தூணைப் பிடிப்பதும், மறுபடி கண்ணை மூடுவதுமாக இருந்தார். அதுதான் பாஹிம்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது, மறைப்பானேன். வளர்ந்த ஆண்பிள்ளைகள் ஒரு கரை முழுக்கக் கொக்குகள் போல நிற்கிறார்கள். பிறகு பஸ்மினாவின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நானா" என்றாள்.

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். அபூசாலி மட்டும் எண்ணி முடிக்கும்வரை நின்றார்.

"என்ன நானா இது?"

நானா பிடிபட்டவர் போல இல்லை. பெருமையாகத்தான் சொன்னார். "நீ முதல் தரம் வந்து போனதில இருந்து செய்யிறம். ஒவ்வொரு நாளும். எங்கள வச்சுத்தானே நீ படிக்கிறாய். நாங்க விழுந்தா உன்ன அங்க பெயிலாக்கிப் போடுவாங்க. மன்னாரில இருந்து போன புள்ள, அதுவும் எங்கட புள்ள. விடுவமா? ஒராளும் பெயிலாகல்லத்தானே?"

"பாஹிம் மச்சான ஏன் நீங்க விடல்ல?"

"அவனுக்கு வரல்ல. எவ்வளவோ பழக்கிப் பாத்திட்டன். ஒருத்தனால உன்ட முழுப் படிப்பும் பழுதாகக் கூடாதெண்டு கடலுக்கு அனுப்பினன்."

பஸ்மினாவுக்கு அங்கே கழுவுவதற்குச் சட்டி இல்லை. கைகளைச் சால்வையில் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆகவே நான் பேசினேன், எனக்குப் பொறுக்கவில்லை. "நானா, அவள் தேடி வந்ததே விழுற ஆளைத்தான். உங்களுக்கு முதல்ல வந்த மாதிரிச் சின்னனா ஆருக்குத் தொடங்கியிருக்கெண்டு பாக்கத்தான். அந்த ஒராளை நீங்கள் ஒளிச்சு வச்சிட்டியள். நாங்கள் சிங்கப்பூருக்குப் போய் இந்த ஊரில ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை எண்டு சொல்லப் போறம்."

கடைசி வசனத்தைக் கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானாவின் முகம் சுருங்குவதைப் பார்த்தபோது என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தங்கச்சியைத்தான் பார்த்தார்.

"எனக்கு இது தெரியாது புள்ள" என்றார். "நான் உழைச்சு உன்னப் படிப்பிக்கோணும் எண்டிருந்தன். கதிரையில விழுந்திட்டன். உனக்கெண்டு செய்யிறதுக்கு எனக்கு இது ஒண்டுதான் கிடைச்சது."

பஸ்மினா அவருடைய கையைப் பிடித்துவிட்டுப் பாஹிமிடம் போனாள். அவரைத் தரையில் நேராக நிற்கச் சொன்னாள். பாதங்களைச் சும்மா சேர்த்து வைத்தால் போதும், கண்ணை மூடுங்கோ என்றாள். அவர் மூடினார். எண்ணத் தொடங்குமுன்னே பக்கவாட்டில் சரிந்தார், அபூசாலியும் இன்னொருவரும் தாங்கிப் பிடித்தார்கள். ஒரு பூட்டுத் திறப்பின் நுனியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரியுதா என்று கேட்டாள். பல இடங்களில் அவருக்குத் தெரியவில்லை.

"இனி நீங்க இறங்கக் கூடாது மச்சான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம். இப்ப பாத்தா இதோட நிப்பாட்டலாம்."

பாஹிம் சாறத்தை உதறிக் கட்டினார். "சீசன் முடியட்டும் தங்கச்சி. இப்பதான் அட்டை நல்லாப் படுது. முடிஞ்ச உடன வாறன்."

"சீசன் முடியுமட்டும் உங்கட நரம்பு பொறுக்குமா?"

"எனக்கு ஒண்டுமில்ல. கொஞ்சம் சத்துக் குறைவு, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல், தூணைத் தொட்டுக்கொண்டு போனார்.

அன்றிரவு வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. பஸ்மினாவுக்குத் தன் படிப்பு போய்விட்டது என்ற கவலை இருந்திருக்க வேண்டும். "சீசன் முடியட்டும் எண்டு நானாவும் சொன்னவர்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த அறையில் நானா விழித்திருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

காலையில் எழும்பியபோது நானாவின் நாற்காலி வீட்டில் இல்லை. சுபஹ் தொழுகை முடிந்து வந்த அபூசாலியைக் கூப்பிட்டுத் தன்னைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் போனபோது படகு தண்ணீரில் இறக்கத் தயாராக மணலில் கிடந்தது. அதன் மூக்கு முனையான அணியத்துக்கு நேர் முன்னால், அலை வந்து சில்லுகளை நனைக்கிற இடத்தில், நானா நாற்காலியில் இருந்தார். சில்லுகள் பாதி மணலில் புதைந்திருந்தன.

பாஹிம் முகமூடியும் சிலிண்டருமாக வந்து நின்றார். "நானா, விளையாடாதீங்கோ. கொஞ்சம் விலகுங்கோ."

"நான் எப்பிடி விலகிறது? தள்ளிட்டுப் போ" என்றார் நானா.

பாஹிம் அசையவில்லை. மற்றவர்களும் படகில் கை வைத்தபடி நின்றார்கள்.

"தள்ளு பாஹிம். சில்லு மணலில இறங்கிட்டு, கொஞ்சம் பலம் வேணும். ஸஜானாவையும் கூப்பிடு. நாளைக்கு உன்னத் தள்ளப் போறது அவதானே, இப்பவே பழகட்டும். எப்பிடி என்னத் தூக்கி மலசலகூடத்துக்குக் கொண்டு போறதெண்டு உம்மாவைக் கேட்டா உம்மா சொல்லிக் குடுப்பா." அவருடைய குரல் உடைந்தது. "நான் உன்ன ஒளிச்சு வச்சனான்டா. உன்ன இந்தக் கதிரையில இருத்தப் பாத்தனான். உன்ன இண்டைக்குப் போக விட்டா நான் மனிசனில்ல."

பாஹிம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையிலிருந்த முகமூடியை மணலில் ஓங்கி அடித்தார். சிலிண்டரையும் போட்டார். "எல்லாரும் சேர்ந்து என்ட வயித்தில அடியுங்கோ" என்று கத்திவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். அபூசாலி படகை நாற்காலிக்குப் பக்கத்தால் சுற்றி இழுத்து இறக்கினார். அது கண்ணுக்கு மறையும் வரைக்கும் நானா அந்த இடத்தைவிட்டு அசைய மறுத்துவிட்டார்.

அன்று பகல் பாஹிமையும் ஸஜானாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முள்ளந்தண்டு நரம்பில் பழைய காயங்கள் இருந்தன, ஒன்றல்ல, பல. இனிமேல் சுழியோடினால் அடுத்த காயம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். ஸஜானா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாஹிம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்மினா கொழும்புக்குத் திரும்பிய அன்றே பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்றேன். பேராசிரியர் கணினியில் எங்கள் கணக்கைத் திறந்து மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். பிறகு, அந்த எண்கள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு, சிங்கப்பூருக்கு நான் எழுதிவிடுகிறேன் என்றார். ஒரு வருடப் படிப்பு போய்விட்டது. கதவடியில் வந்ததும் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, "உங்கட ஊர் உங்களில நல்ல அன்பு" என்றார். அவர் பாராட்டினாரா, அனுதாபப்பட்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு நான்தான் சட்டி கழுவினேன்.

மறுபடி ஊருக்குப் போனபோது அவள் பலகையை வெளியில் எடுக்கவே இல்லை. முதலில் பிளாஸ்ரிக் மூளையையும் முள்ளந்தண்டையும் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் முற்றத்தில் பேசினாள். ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு ஒரு நாள். பெண்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டாள்: உங்கள் வீட்டு ஆண்கள் முகம் கழுவும்போது எதையாவது பிடிக்கிறார்களா என்று பாருங்கள். எந்தப் புதன்கிழமைக் கூட்டத்திலும் அவள் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. பயிற்சி மறந்து போகட்டும் என்று பல மாதம் விட்டுத்தான் அளந்தாள். வாசலில் நானா இருந்து, "விழுறவன் விழு, புடிக்க ஆள் இருக்கு" என்று சொல்லிச் சொல்லி உள்ளே அனுப்பினார். இந்தமுறை ஆடினார்கள், சாய்ந்தார்கள், மனிதர்களைப் போல இருந்தார்கள். இன்னொருவருக்கும் தொடங்கியிருந்தது தெரிய வந்தது. அவர் சத்தமில்லாமல், கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்கு மாறிவிட்டார்.

பாஹிம் அப்படிச் சத்தமில்லாமல் மாறவில்லை. இப்போது அட்டை அவிக்கிற வாடியில், கரையிலிருக்கிற கொட்டிலில், வேலை செய்கிறார். புகையும் நாற்றமும் கொதிக்கிற தண்ணீரும். கடலுக்குள் இறங்கி வந்தவனுக்கு அடுப்படி என்றால் எப்படி இருக்கும். முன்பு வந்த வருமானத்துக்கு அது எந்த மூலைக்கும் காணாது, ஸஜானா தையல் மெசின் வாங்கித் தைக்கிறாள். நானாவோடு அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார். பஸ்மினாவோடு மட்டும் இல்லை. தன் கடலைப் பறித்தவள் அவள்தான் என்பது அவருடைய எண்ணம். அதை மாற்றப் போய் நானே இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன மாதம் அவளுடைய ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். அதைச் சொல்ல நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். வீட்டு வாசலில் இருவரும் தேத்தண்ணியோடு இருந்தபோது பாஹிம் வாடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். பஸ்மினா எழுந்து நின்று ஸலாம் சொன்னாள். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாரடி, ஒரு ஸலாமுக்குக் கூடப் பதில் இல்லை. உனக்குக் கோபமே வரேல்லையா?" என்றேன்.

அவள் ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்த அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுங்கை திரும்புகிற இடம் வரைக்கும் பார்த்தாள்.

"போறார் பிரேமினி" என்றாள். "நடந்துதானே போறார்."